குழலில் பதிந்த எண்

துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும் என்று யார் வந்தாலும் ஆதார், போட்டோ, மருத்துவச் சான்று எல்லாவற்றையும் வாங்கி ஓரமாக வைத்துவிடுவேன். முதலில் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும். அதைத் திருப்பூருக்குள் தூக்கிக்கொண்டு வரச் சொல்வதில்லை. நானே தோட்டத்துச் சாளைக்குப் போய்விடுவேன். லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்ணும் இரும்பில் பதிந்திருக்கும் எண்ணும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகுதான் விண்ணப்பத்தில் கை வைப்பேன். வக்கீல் தொழிலில் இது ஒரு சின்னக் கிளை. ஆனால் இதில் முக்கால்வாசி வேலை அந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது.

பனியன் ஊரில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சனிக்கிழமை சம்பளம் முழுக்க ரொக்கமாகப் பட்டுவாடா ஆன காலத்தில், பேங்கிலிருந்து கம்பெனிக்குப் பணம் வரும் வண்டியில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஒரு முன்னாள் ராணுவத்தார் உட்கார்ந்திருப்பார். இப்போது பெரும்பாலான கூலி வங்கிக் கணக்குக்கே போய்விடுவதால் அந்தத் தேவை குறைந்துவிட்டது. துப்பாக்கிகள் மட்டும் முதலாளி வீட்டு பீரோவில் இருக்கின்றன. இன்னொரு பக்கம் உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம் விவசாயிகள். தாத்தா காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று வாங்கிய ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி, வாய் வழியாக மருந்து இடிப்பது. கோப்புகளில் அதை எஸ்.பி.எம்.எல். என்று எழுதுவார்கள். என்னிடம் வரும் கோப்புகளில் மிகுந்த கவனம் கேட்பவை இவைதான்.

கவனம் என்பது முதலில் உயிருக்கு. நாட்டுத் துப்பாக்கியில் பழைய மருந்து வருடக்கணக்காக உள்ளேயே கிடக்கலாம். அதனால் இடிகம்பியைக் குழலுக்குள் மெல்ல விட்டு, வாய் விளிம்பில் கம்பியின் மேல் விரலை வைத்து அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின் பக்கவாட்டில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். கம்பி அடிவரை போயிருந்தால் காலி. சில அங்குலம் முன்னாலேயே நின்றிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதற்கு மேல் யாரும் அதைத் தொடக் கூடாது. போலீஸ் ஆயுதப்படையில் ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆர்மரர்தான் பார்க்க வேண்டும்.

பிறகு எழுத்துகள். பன்னிரண்டு போர் (bore) இரட்டைக்குழலில் எண் ஓரிடத்தில் மட்டும் இருக்காது. நல்ல தயாரிப்பாளர்கள் குழல், நடு உடம்பு, முன்கட்டையின் இரும்பு என்று மூன்றிலும் ஒரே எண்ணைப் பதித்திருப்பார்கள். மூன்றையும் கழற்றிப் பார்த்தால்தான் எப்போதோ குழல் மாற்றப்பட்டிருப்பது தெரியும். குழலின் அடிப்புறத் தட்டைப் பகுதியில் வெடித்திறன் சோதனை முத்திரைகள் இருக்கும்: பழைய இங்கிலாந்துத் துப்பாக்கியானால் பர்மிங்காம் அல்லது லண்டன் முத்திரை, நம் நாட்டுத் தயாரிப்பானால் இந்திய முத்திரை. சைபரும் ஆங்கில ஓ எழுத்தும், ஒன்றும் ஐ எழுத்தும், ஐந்தும் எஸ் எழுத்தும் தேய்ந்த இரும்பில் ஒன்றுபோலவே தெரியும். டார்ச் வெளிச்சத்தை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும்.

காகிதத்தில் பிழை எப்படி வருகிறது என்பதற்கு எங்கள் பகுதியின் வரலாறே ஒரு காரணம். தாராபுரத்துத் துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் லைசென்ஸ் கோயம்புத்தூர் மாவட்டத்தில் வழங்கப்பட்டிருக்கும். 1979இல் பெரியார் மாவட்டம் பிரிந்தபோது கோப்பு ஈரோட்டுக்குப் போயிற்று. 2009 பிப்ரவரியில் திருப்பூர் மாவட்டம் உருவானபோது திருப்பூர் கலெக்டர் அலுவலகத்துக்கு வந்தது. துப்பாக்கி அதே பரணில்தான் இருந்தது. பதிவேடுதான் கைமாறிக்கொண்டே இருந்தது. கையால் பெயர்த்து எழுதும்போது ஒரு முன்னெழுத்து விடுபடும், ஓர் எண் இடம் மாறும். பிறகு தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளம் வந்தது. ஒவ்வொரு உரிமதாரருக்கும் தனி அடையாள எண் கொடுத்துக் கணினியில் ஏற்றினார்கள். காகிதத்தில் இருந்த பிழை அப்படியே கணினிக்குள் ஏறினால் அது அரசாங்கத்தின் உண்மையாகிவிடும். பரணில் இருக்கும் துப்பாக்கி அந்தப் பதிவின்படி வேறு யாருடையதோ ஆகிவிடும்.

ஏற்றுமதிக்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு அதிக நேரம் ஆவதில்லை. கழுத்து லேபிளில் பருத்தி சதவீதமோ தயாரான நாட்டின் பெயரோ தப்பாக இருந்தால், துணி எவ்வளவு தரமாக இருந்தாலும் அந்தப் பெட்டி துறைமுகம் தாண்டாது என்று அவர்களுக்குத் தெரியும். விவசாயிகளுக்குத்தான் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆயுதச் சட்டம் 1959இல் வந்தது, 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 8ஆவது பிரிவை உரிமதாரர் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பேன். துப்பாக்கியில் உள்ள தயாரிப்பாளர் பெயரையோ எண்ணையோ வேறு அடையாளத்தையோ அழிக்கவோ நீக்கவோ மாற்றவோ போலியாகப் பதிக்கவோ கூடாது. அடையாளம் இல்லாத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ கூடாது. அழிந்த எண்ணோடு ஒரு துப்பாக்கி உங்களிடம் இருந்தால், அழித்தது நீங்கள்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. குற்ற வழக்குகளில் நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் போலீஸ் பக்கம் இருக்கும். இங்கே அது உரிமதாரர் தலையில் இருக்கிறது.

நல்ல எண்ணத்தில் செய்யும் காரியங்கள் இங்கேதான் ஆபத்தாகின்றன. திருப்பூரில் பித்தளைப் பொத்தானிலும் மெஷின் பாகத்திலும் லேசரில் பெயர் பொறிக்கும் பட்டறைகள் உண்டு. தேய்ந்த எண்ணை அங்கே கொடுத்து அழகாகப் பொறித்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெரியவர் துருப்பிடித்த குழலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங் வக்கீலம்மா, நம்ம நெம்பரத்தானுங்க நாம போடறம், இதுல என்னுங் தப்பு?" என்றார். "ஐயா, நெம்பரு உங்களுதுதானுங்க. ஆனா அதப் போடற கை உங்களுதா இருக்கக் கூடாதுங்க" என்றேன். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், அமிலம் தடவ வேண்டாம், எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். எண் படிக்க முடியாத நிலையில் இருந்தால் உரிமம் வழங்கும் அதிகாரிக்கு மனு எழுதி, துப்பாக்கியை ஒப்படைத்து, ஆர்மரர் பார்வையிட்ட அறிக்கையோடு அவர்கள் சொல்லும் வழியில்தான் எந்த அடையாளமும் பதிய வேண்டும். அரத்தால் ராவி எடுத்த எண்ணைக்கூடத் தடய அறிவியல் துறையினர் பல நேரங்களில் மீட்டுவிடுவார்கள். எண்ணைத் தட்டிப் பதிக்கும்போது பள்ளத்துக்குக் கீழே உள்ள உலோகமும் நசுங்கி இறுகியிருக்கும். மேற்பரப்பு போன பிறகும், ரசாயனக் கரைசல் பட்டால் அந்த இடம் மற்ற இடத்தைவிட வேறு வேகத்தில் அரிக்கப்பட்டு எண் மங்கலாகத் தெரியும். இரும்பு மறப்பதில்லை என்று தெரிந்துகொண்டாலே பாதிப் பேர் அரத்தைக் கீழே வைத்துவிடுவார்கள்.

எண்ணைவிடவும் நான் பயப்படுவது குழலின் நீளத்துக்கு. லேத்தும் ரம்பமும் இல்லாத தெரு திருப்பூரில் குறைவு. வாய்ப்பக்கம் பிளந்துபோன குழலை ஒரு சாண் அறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஆயுதச் சட்டத்தின் 6ஆவது பிரிவு தனி உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். காரணம் எளிமையானது: குட்டையான குழல் சட்டைக்குள் ஒளியும். தோட்டம் காக்க வைத்திருப்பவருக்கு ஒளிக்க வேண்டிய தேவை இல்லை.

குழலின் நீளம் விண்ணப்பத்தின் தலையெழுத்தையும் தீர்மானிக்கிறது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட துப்பாக்கி, அல்லது உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து இடும் துப்பாக்கி: இவற்றை 13ஆவது பிரிவு தனியாக, சற்றுத் தாராளமாக வைத்திருக்கிறது. மற்ற வகைகளுக்கு மனுதாரர் தகுந்த காரணம் காட்டி அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும். அதனால் நீளத்தை நான் டேப்பால் வெளியே அளப்பதில்லை. குழல் காலி என்று உறுதி செய்து, அடியை மூடிவிட்டு, மரக்குச்சியை வாய் வழியாக விட்டு, அடியைத் தொட்டதும் குறித்து எடுத்து அளக்கிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் மகன்களைப் பெற்ற வீடுகளில் இன்னொரு கேள்வி வரும். அங்கே குட்டைக்குழல் ரைஃபிளைப் பதிவு செய்து வைத்துக்கொள்கிறார்களே என்பார்கள். உண்மைதான். அங்கே 1934இன் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிள் தனிப் பதிவுக்கு உட்பட்டது. குழலைக் குறைக்கும் முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். 200 டாலர் வரி பல தலைமுறைகளாக மாறாமல் இருந்து, 2026 ஜனவரி 1 முதல்தான் இந்த வகைக்குப் பூஜ்யமானது. பதிவு அப்படியே தொடர்கிறது. குறைக்கும் ஆள் தன் பெயரையும் ஊரையும் மாநிலத்தையும் பொறிக்க வேண்டும், ஆழம் 0.003 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, எண்ணின் உயரம் பதினாறில் ஒரு அங்குலமாவது இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி உண்டு. இரண்டு நாடுகளும் துப்பாக்கியைப் பார்க்கும் விதமே வேறு. அப்படியிருந்தும் இரண்டுமே கேட்பது ஒன்றைத்தான்: இந்த இரும்புக்கு யார் பொறுப்பு என்பது இரும்பிலேயே எழுதியிருக்க வேண்டும். அங்கே குடிமகன் தன் கையால் எழுதலாம், இங்கே முடியாது.

திருப்பூர்க்காரர்கள் எதிர்பார்க்காத ஒரு பதிவும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 34ஆவது பிரிவு, சரணாலயத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் துப்பாக்கி உரிமதாரர்கள், சரணாலயம் அறிவிக்கப்பட்ட 3 மாதத்துக்குள் வனத்துறையில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்கிறது. அந்த வட்டத்துக்குள் புது லைசென்ஸ் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அடிவாரத்தில், அமராவதி பக்கம் இருப்பவர்களுக்கு இது பழக்கமான செய்தி. ஆனால் ஊத்துக்குளி ரோட்டில், சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டிய நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தக் குளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். திருப்பூர் நகரின் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும், பனியன் கம்பெனிகளும் முதலாளி வீடுகளும் சேர்த்து. பறவைகள் வந்திறங்கும் குளத்துக்கும் தன் பீரோவுக்கும் ஒரு சட்டத் தொடர்பு இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தோன்றும்? நான் புதுப்பித்தல் கோப்பு எடுக்கும்போதெல்லாம் இதையும் சேர்த்தே கேட்கிறேன்.

பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் இருப்பதால் தோட்டத்துக்குள் வரும் எதையும் சுடலாம் என்பதும் ஆபத்தான நினைப்பு. மயில் தேசியப் பறவை, அதே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டில்கூட, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவது வனத்துறையின் வேலை. மக்காச்சோளமும் நிலக்கடலையும் ஒரே இரவில் பன்றியிடம் போய்விட்டவரிடம் இதைச் சொல்வது கஷ்டம். அவர் கோபம் நியாயமானது. இருந்தாலும் வழக்கு வந்தால் அவர் தோட்டம் முழுக்க அதற்கே போய்விடும் என்று தெரிந்துகொண்டு நான் சொல்லாமல் இருக்க முடியாது.

வாரிசுக் கோப்புகள் மெதுவாக நகரும். உரிமதாரர் இறந்துவிட்டால் துப்பாக்கி தேவையில்லாமல் வீட்டில் தங்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இதை யார் நினைப்பார்கள்? அதனால்தான் பெரியவர்களிடம் உயிரோடு இருக்கும்போதே பேசுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம்; மருமகளும் மருமகனும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. இந்த வழி இருப்பது பலருக்கும் தெரியாது. வாரிசு 21 வயது நிரம்பியவராக, பாதுகாப்புப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். யாருக்கும் விருப்பமில்லை என்றால் விற்றுவிடலாம், அரசிடம் ஒப்படைத்துவிடலாம். அப்படிச் சொல்லும் மருமகள்களை நான் ஒருபோதும் மறுபடி யோசிக்கச் சொன்னதில்லை. சின்னக் குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அது சரியான முடிவு.

ஒவ்வொரு கோப்பிலும் நானாகச் சேர்க்கும் ஒரு தாள் இருக்கிறது. விண்ணப்பத்தோடு கேட்கப்படும் ஆவணங்களில் அது இல்லை. குழல், உடம்பு, முன்கட்டை எல்லாவற்றிலும் உள்ள அடையாளங்களைப் பக்கவெளிச்சத்தில், அளவுகோல் வைத்து எடுத்த படங்கள். கீழே குழலின் நீளம், தேதி, உரிமதாரர் கையெழுத்து. தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும்போது இதன் பயன் தெரியும். அவசரத்தில் எழுதும் ரசீதில் "டி.பி.பி.எல். ஒன்று" என்று இரட்டைக்குழல் வகைப் பெயர் மட்டும் இருந்தால், முடிவு வந்த பிறகு திரும்பி வருவது நம் துப்பாக்கிதான் என்பதற்கு என்ன சாட்சி? படத்தாளைக் காட்டினால் ரசீதில் முழு எண்ணும் ஏறிவிடும். உரிமதாரரின் தனி அடையாள எண்ணோடு இந்தப் படங்களையும் அரசே கணினியில் சேர்த்துவிட்டால், பெயர்த்தெழுதும் பிழை என்ற ஒன்றே இனி வராது. உரிமம் 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் படம் எடுத்துச் சேர்க்கத் தொடங்கினால் ஒரு சுற்று முடிவதற்குள் மாவட்டத்தின் எல்லாத் துப்பாக்கிகளும் அதில் வந்துவிடும்.