வீட்டுக்குள் ஒரு மடை

மேலூர் வட்டாரத்துக் கிராமங்கள் பலவற்றுக்கு இணையம் முதன்முதலில் வந்து சேர்ந்தது கம்பி வழியாக அன்று, ஆகாய மார்க்கமாக. அதுவும் ஒருவர் வீட்டுக் கூடத்துக்குள் அன்று, ஊருக்குப் பொதுவான ஒரு சிற்றறைக்குள். சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய சகாக்களும், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தையும் எம்.ஐ.டி.யையும் சேர்ந்த சில அறிஞர்களும், என்-லாக் என்னும் நிறுவனத்தாரும் ஒன்றுகூடி, கிராமவாசிக்கு இணையத்தைத் தர்மமாக அன்றி வியாபாரமாகவே கொண்டுபோய்க் கொடுத்தால் அது தன் காலில் தானே நிற்குமா என்று பரீட்சித்துப் பார்ப்பதற்கு, 2001-ஆம் ஆண்டில், நாட்டிலுள்ள ஆறு லட்சம் கிராமங்களுள் எங்கள் தாலுகாவின் கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது, இவ்வூர்க்காரர்களிலேயே பலருக்கு இன்று ஞாபகத்தில் இல்லை. 'சாரி' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர்.

மேலூரில் ஒரு கோபுரத்தை நிறுத்தி, அதிலிருந்து 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா முறையில் சுற்றுப்புறத்துக்குத் தொடர்பு கொடுத்தார்கள். அந்த முறையும் ஐ.ஐ.டி.யாரும் மிடாஸ் நிறுவனத்தாரும் சென்னையில் உழைத்து உருவாக்கியதுதான். வீட்டு முகட்டில் ஒரு சிறு ஆன்டெனா. சுவரில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியின் ஒரு துளையில் டெலிபோன், மற்றொரு துளையில் கம்ப்யூட்டர். டெலிபோனில் யாரும் பேசாத நேரத்தில் நொடிக்கு 70 கிலோபிட் வேகம். பேச ஆரம்பித்துவிட்டால் அதில் சரிபாதி. இன்றைய கணக்கில் நகைப்புக்கு இடமான வேகந்தான். ஆனால் அந்த வேகத்தைக் கொண்டே, கண்ணில் புரை விழுந்த கிழவியை நாற்காலியில் உட்காரவைத்து, கம்ப்யூட்டரோடு இணைந்த சிறு காமிராவால் அவள் கண்ணைப் படம் பிடித்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி, அவள் பஸ் ஏறிப் போவது அவசியந்தானா என்று டாக்டரைக் கேட்டுச் சொன்னார்கள்; சான்றிதழுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் மனுக்களைத் தாலுகா ஆபீஸுக்கு அனுப்பினார்கள்; ஜாதகமும் கணித்துக் கொடுத்தார்கள்.

சில வருஷங்களுக்குள் அந்த அறைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதைப் பின்னர் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஊக்கமுள்ள அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் தாலுகா ஆபீஸின் தொடர்பு நின்றது. வருமானம் செலவுக்குக் காணவில்லை. நடத்தியவர்களுக்குத் தொடர்ந்த ஒத்தாசை கிடைக்கவில்லை. இவையெல்லாம் மெய்யான காரணங்களே. ஆனால் இவற்றுக்கு அடியில் இன்னொன்றும் கிடக்கிறது என்பது என் அபிப்பிராயம். அந்தப் பெட்டியின் உள் சமாசாரம், அதனால் பயனடைந்த ஊராருள் ஒருவருக்கும் தெரியாது. அது கெட்டால் மேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒருவர் வந்தாக வேண்டும். இணையத்தைத் தன் கையாலேயே கட்டவும் அவிழ்க்கவும் சாமான்யனுக்குச் சந்தர்ப்பம் வாய்த்தது, டெலிபோன் கம்பி வழியே பிராட்பேண்ட் வீட்டுக்குள் நுழைந்து, ரூட்டர் என்ற சாதுவான பெட்டி அலமாரிமேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான்.

நொடிக்கு 256 கிலோபிட்டுக்குக் குறையாத வேகத்தையே பிராட்பேண்ட் என்று அழைக்கலாமென 2004-இல் மத்திய சர்க்கார் வரையறுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் சேவையைத் தொடங்கிற்று; பிறகு படிப்படியாக அது சிற்றூர் டெலிபோன் நிலையங்களுக்கும் வந்தது. இதில் வியக்கத்தக்கது, வீடுகளுக்குப் புதிதாக ஒரு கம்பியும் இழுக்கப்படவில்லை என்பதே. மனிதக் குரல் நொடிக்கு நாலாயிரம் அதிர்வுகளுக்குள் அடங்கிவிடுகிறது. அதே செம்புக் கம்பி பதினோரு லட்சம் அதிர்வுகள் வரையிலும் சுமக்க வல்லது. நூறு வருஷத்துக்கு மேலாகச் சும்மா கிடந்த அந்த மேற்பகுதியை இரண்டாகப் பிரித்து, சிறு பங்கை வீட்டிலிருந்து வெளியே போகும் செய்திக்கும் பெரும் பங்கை உள்ளே வரும் செய்திக்குமாக ஒதுக்கிவிட்டார்கள். ஆகவே டெலிபோனில் பேச்சும் நடக்கும், பக்கத்திலேயே இணையமும் ஓடும். இரண்டையும் பிரிப்பதற்கு ஸ்பிளிட்டர் என்ற சிறு டப்பி ஒன்று உண்டு. அதற்கு முன்பாகவே கம்பியைக் கிள்ளி மாடி அறைக்கு இழுத்த பழைய இணைப்பு டெலிபோன் வீட்டில் இருந்துவிட்டால், அதன் ரிசீவரை எடுக்கும்போதெல்லாம் இணையம் அறுந்து விழும். நிலையத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தாண்டினால் உயர்ந்த அதிர்வுகள் கம்பியிலேயே தேய்ந்து போய்விடுமாதலால், பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து வீட்டுக்குக் கிடைத்த பாக்கியம் தள்ளியிருந்த கிராமத்துக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க வந்த லைன்மேன், மோடத்தின் முகப்பில் துடித்துக்கொண்டிருந்த விளக்கையே கண்கொட்டாமல் பார்த்திருந்து, அது துடிப்படங்கி நிலைத்ததும், "பச்சை நின்னு எரியுதுங்களா ஐயா? அம்புட்டுத்தான், லைன் பிடிச்சிருச்சு. ரெண்டாவது கம்ப்யூட்டருக்கும் வேணும்னா ரூட்டர் மோடுக்கு மாத்திக்கங்க, அதை வீட்டுப் பிள்ளைகளே பண்ணிரும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளேறிப் போய்விட்டார்.

அந்த வாக்கியத்தில்தான் சாரமெல்லாம் இருந்தது. அக்காலத்து மோடங்கள் பெரும்பாலும் 'பிரிட்ஜ்' என்ற முறையில் அமைத்துத் தரப்பட்டன. அதாவது மோடம் வெறும் வழி விடும். உபயோகிப்பாளர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நிலையத்தோடு பேசுவது கம்ப்யூட்டரின் பொறுப்பு. ஒரே கம்ப்யூட்டர் உள்ள வீட்டில் இதனால் பாதகமில்லை. இரண்டாவது வந்ததும் சங்கடம். 1999-இல் வெளிவந்த விண்டோஸ் 98-இன் இரண்டாம் பதிப்பிலேயே ஒரு கம்ப்யூட்டரின் இணைப்பை மற்றவற்றோடு பகிர்வதற்கு உபாயம் இருந்தது என்றாலும், முதற் கம்ப்யூட்டரை யாராவது அணைத்துவிட்டால் வீடு முழுவதுக்கும் இணையம் போய்விடும். 2011-இல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின், கம்ப்யூட்டர் வாங்குவதை ஒருநாளும் எண்ணியிராத வீடுகளிலும் ஒன்று வந்து சேர்ந்தது. ஏற்கெனவே ஒன்று இருந்த வீட்டில் இரண்டாயிற்று. அப்போதுதான் லைன்மேன் சொன்ன ரூட்டர் முறை வீட்டுக்கு வீடு பேச்சாயிற்று.

அதற்குப் பிரௌசரில் 192.168.1.1 என்று அடிக்க வேண்டும். ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ இல்லாத இந்த வெறும் எண்ணுக்கு ஒரு பக்கம் திறந்துகொள்வதே முதலில் அதிசயமாக இருக்கும். உள்ளே வி.பி.ஐ. என்ற கட்டத்தில் 0, வி.சி.ஐ. என்ற கட்டத்தில் 35, பிறகு பி.பி.பி.ஓ.ஈ. என்பதைத் தெரிந்தெடுத்து, இதுவரை கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் ரூட்டரின் காதிலேயே போட்டுவிட்டு, சேமித்து, அதை ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும். முதலில் மின்விளக்கு, பிறகு லைன் விளக்கு, சற்றுத் தாமதித்து இன்டர்நெட் விளக்கு என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு அது தானாகவே நிலையத்தோடு பேசிமுடிக்கும். கம்ப்யூட்டர்கள் இனி யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

இந்த 192.168 என்ற எண்ணின் வரலாறு கொஞ்சம் சொல்லத்தக்கது. இணைய முகவரி 32 பிட் நீளமுள்ளதாக முதலில் வகுக்கப்பட்டபடியால், உலகம் முழுமைக்கும் சேர்த்து அவ்வகை முகவரிகள் 429 கோடிச் சொச்சந்தான். மனிதர்களின் தொகையைவிட இது குறைவு. இந்தப் பஞ்சம் வரும் என்பதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள், 1994-இல் 192.168 எனத் தொடங்குவன முதலான சில தொகுதிகளை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குவதற்கென்று ஒதுக்கிவைத்தார்கள். மேலூரில் என் மேஜைமேல் உள்ளதும் டோக்கியோவில் யாரோ ஒருவர் மேஜைமேல் உள்ளதும் ஒரே முகவரியைத் தாங்கலாம். இரண்டும் வாசற்படி தாண்டாதவரை குழப்பமில்லை. வெளியுலகுக்கு வீடு முழுவதும் ஒரே முகவரியாகத் தோன்றும். எந்தக் கம்ப்யூட்டர் எதைக் கேட்டது என்பதை ஒரு போர்ட் எண்ணைச் சேர்த்து ரூட்டர் தன் பட்டியலில் குறித்துக்கொண்டு, பதில் வந்ததும் அந்தப் பட்டியலைப் பார்த்து உரியதற்குச் சேர்ப்பிக்கும். பட்டியலில் இல்லாத அந்நியச் செய்தி வாசலோடு நின்றுவிடும் என்பது இதில் எதிர்பாராமல் கிடைத்த ரக்ஷை. 2011 பிப்ரவரியில் அம்முகவரிகளின் மத்திய இருப்புத் தீர்ந்தே போயிற்று. அதற்குப் பின்னும் உலகம் நின்றுவிடாமல் ஓடியதற்கு இந்தச் சிக்கன ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

முகவரியைப் பங்கிடுவது சுலபம். வேகத்தைப் பங்கிடுவதுதான் கலகத்துக்கு வித்து. எங்கள் பக்கத்து விவசாயி யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிந்து வைகைப் படுகைக்குத் தண்ணீர் வந்த காலந்தொட்டு, கள்ளந்திரி வரையில் இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்பதையும், மேல்மடைக்காரன் தாராளமாகத் திறந்துகொண்டால் கடைமடை காயும் என்பதையும் அவன் தலைமுறை தலைமுறையாக அறிந்தவன். கூடத்தில் அண்ணன் ஒரு சினிமாவை இறக்கத் தொடங்கினானானால், உள்ளறையில் தங்கை திறந்த பரீட்சை முடிவுப் பக்கம் பாதியிலேயே நின்றுபோகும். "டேய் அண்ணே, நிப்பாட்டுடா" என்ற கூக்குரல் எழும். அப்போது மாத அளவு வேறு இருந்தது. அளவு தாண்டினால் பில் ஏறிற்று. ஒரு மாதத் திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது என்று இருந்தபடியால், முறைத் தண்ணீர் கட்டப் போகிறவனைப் போல நடுநிசியில் அலாரம் வைத்து எழுந்து, இறக்குவதை முடுக்கிவிட்டு மறுபடி படுத்த இளைஞர்கள் இவ்வூரில் அநேகர். பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், வகுப்புகளெல்லாம் வீட்டுக்கே வந்தபோது இந்தப் பங்கீட்டுச் சண்டை உச்சத்துக்குப் போயிற்று.

கம்பி வேலையிலும் ஒரு ரசம் உண்டு. மதுரையில் மீட்டர் கணக்கில் கேபிள் வாங்கிக்கொண்டு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, யானைமலையைக் கடந்து வீடு வந்து சேர்ந்து, உறையைச் சீவினால் உள்ளே எட்டு இழைகள், இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு இருக்கும். அவற்றைப் பிரித்து நீவி, ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு என்ற வரிசையில் விரலிடுக்கில் பிடித்து, நுனியைச் சமமாக நறுக்கி, கிளிப்புக்குள் செருகி, கிரிம்பிங் கருவியால் ஒரே அழுத்து. பச்சை இழையிரண்டும் நீல ஜோடியைத் தாண்டி அப்புறமும் இப்புறமுமாக நிற்பதுதான் புதியவரை மயக்கும் இடம். வரிசை பிசகினால் விளக்கு எரியாது. எரிந்தாலும் வேகம் வராது.

பிறகு வைஃபை வந்ததால் இந்தச் சிரமம் குறைந்தது, வேறொன்று முளைத்தது. சுண்ணாம்புக் காரையில் ஒன்றரை அடி கனத்துக்கு எழுப்பிய பழைய சுவர் வானொலி அலையை லேசில் விடாது. இரும்பு பீரோ சுத்தமாகவே மறித்துவிடும். அப்படியிருந்தும் நம் ஜனங்கள், டெலிபோன் எந்த மூலையில் இருந்ததோ அந்த மூலையிலேயே, பீரோவுக்குப் பின்னால் ரூட்டரை வைத்து, தூசி படியாமலிருக்க அதன்மேல் ஒரு பூத்துணியையும் மூடி, அது சூட்டால் தவிப்பதைப் பார்த்து, "நெட் மெதுவா இருக்கு" என்று கம்பெனிக்காரனை வைகிறார்கள். வீட்டு மத்தியில், தலைக்கு மேலான உயரத்தில், திறந்த இடத்தில் அதை வைத்தாலே பாதிக் குறை தீரும்.

மின்வெட்டு மிகுந்திருந்த வருஷங்களில் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருக்கிறேன். வீடு இருண்டு கிடக்கும், ரூட்டர் செத்திருக்கும், அதே கம்பியில் தொங்கும் பழைய டெலிபோன் மட்டும் உயிரோடு மணியடிக்கும். டெலிபோனுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தை நிலையத்தின் பாட்டரியே கம்பி வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது. ரூட்டரோ நம் சுவர்ப் பிளக்கை நம்பி வாழ்வது. அந்தச் செம்புக் கம்பியே ஐப்பசி மழையில் இடியின் அதிர்ச்சியையும் கொண்டுவந்து மோடத்தைக் கருக்கிவிடும் என்பதால், வானம் இருண்டதும் லைனைக் கழற்றி வைப்பது வீட்டுச் சம்பிரதாயங்களில் ஒன்றாகிவிட்டிருந்தது. இப்போது செம்பு போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது. கண்ணாடி மின்னலைச் சுமந்து வராது. மின்சாரத்தையும் சுமந்து வராது. கரண்டு போகும்போது இணையமும் இழைவழி டெலிபோனும் ஒருசேரப் போகாமலிருக்க வேண்டுமானால், சிறு பாட்டரிப் பெட்டி ஒன்றை நாமே பொருத்திக்கொள்ள வேண்டும்.

இழை வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. மனத்தாங்கல் ஒன்றும் உண்டு. இணைப்புக் கொடுக்க வருகிறவர் எல்லாவற்றையும் தாமே தம் செல்போனில் தட்டி முடித்து, வைஃபை பாஸ்வேர்டை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். உள்ளே நுழையும் அட்மின் பாஸ்வேர்டு பெட்டி தயாரானபோது வைத்ததாகவே இருந்துவிடுகிறது. வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைக் கண்ணால் கண்டதுமில்லை. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் இழையைக் கொண்டுசேர்க்கும் வேலை தொடங்கி நடந்துவரும் இந்நாளில், ஊராட்சி அலுவலகத்துச் சுவரில் மாட்டும் பெட்டியின் உள் விவரம் அந்த ஊரிலேயே இரண்டு பேருக்காவது தெரியும்படி செய்யாவிட்டால், சாரி அறைகளுக்கு நேர்ந்த கதி அதற்கும் நேரும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

சர்க்கார் செய்வது இருக்கட்டும். வாசகர்கள் இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் தங்கள் ரூட்டரைத் திருப்பி, அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். அதில் கண்ட எண்ணைப் பிரௌசரில் அடித்து உள்ளே போய், அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, மாற்றியதைப் பால் கணக்கு நோட்டிலாவது எழுதி வையுங்கள். அந்த வேலையை வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள்.