மலைமேல் கணக்கு, அடிவாரத்தில் நகல்

ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு. பக்கத்தில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு. கீழே இறங்கினால் திருப்பத்தூர்.

சாமை, புளி, தேன். கொள்முதல் துண்டுச் சீட்டில் தொடங்கும். டேலி கணக்கு மென்பொருளில் முடியும்.

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். எங்கே? அதே கணினியில், டி டிரைவில்.

டி டிரைவ் பெரும்பாலும் தனி டிஸ்க் இல்லை. ஒரே டிஸ்கை இரண்டாகப் பிரித்தது. டிஸ்க் போனால் இரண்டும் போகும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

முதலில் அளவு பார்க்க வேண்டும். விலை அப்புறம்.

சிறிய கொள்முதல் குழுவின் டேலி பேக்கப் ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கும். பாரம் வேறெங்கோ. ஆதார் நகல், பாஸ்புக் நகல், பயிற்சிக் கூட்டப் படங்கள், போனில் எடுத்த வீடியோ.

இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத்தான் செலவு என்று பயப்படுகிறோம்.

நொடிக்கு 2 மெகாபிட் மேலேறும் நெட். 100 ஜிபி அனுப்ப நாலரை நாள், இடைவிடாமல். அதே 100 ஜிபி பஸ்ஸில் ஒரு பையில் இறங்கிவிடும்.

உற்பத்தியாளர் கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் கம்பெனிச் சட்டம். கணக்குப் புத்தகம் 8 நிதியாண்டு இருக்க வேண்டும். ஜிஎஸ்டிக்கு, ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம்.

2022 ஆகஸ்டில் கம்பெனி விதியில் ஒரு சொல் மாறியது. மின்னணுக் கணக்கின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில், தினமும். அதுவரை ‘அவ்வப்போது’.

ஆகவே கணக்குக்கு கிளவுட். ஃபைல் சிறியது, மெதுவான நெட்டிலும் ஏறும். படத்துக்கும் மற்றதுக்கும் டிஸ்க். கணக்கின் இன்னொரு நகலும் அதே டிஸ்கில்.

எந்த டிஸ்க்?

டேப் பற்றி ஆசையாகக் கேட்கிறார்கள். எல்டிஓ ஒன்பதாம் தலைமுறை கேசட் ஒன்றில் 18 டிபி. கேசட் மலிவு. டிரைவ் லட்சங்களில். அந்த டிரைவ் எட்டாம் தலைமுறை கேசட் வரைதான் படிக்கும், அதற்கு முந்தையதைப் படிக்காது. மலைக்கு வேண்டாம்.

எஸ்எஸ்டி வேகம். ஆனால் பீரோவில் பூட்டி வைக்க ஏற்றதில்லை. எழுதி எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைத் தாங்கினால் போதும் என்பது மின்னணுத் தர அமைப்பான ஜெடெக்கின் தரம்.

எட்டு ஆண்டு வேண்டுமே.

டிவிடி: சாயப்பூச்சு, ஈரம், பூஞ்சை. படிக்கும் டிரைவ் புது மடிக்கணினிகளில் இல்லை.

500 ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ் என்று விற்பது பொய். ஃபைல் ஏறுவதுபோலக் காட்டும். திறந்தால் இருக்காது.

மிச்சம், சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க். இரண்டு. சில ஆயிரம் ரூபாய். ஒன்று மேலே, ஒன்று கீழே, வாராவாரம் இடம் மாற்றி. நான்கைந்து ஆண்டில் புதிதுக்கு மாற்றிவிட வேண்டும்.

நகல் எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். இடி இறங்கினால் செருகியிருப்பதும் சேர்ந்து போகும். ரேன்சம்வேரும் செருகியிருப்பதைத்தான் பூட்டும்.

விதைச் சாமையையும் சோற்றுச் சாமையையும் ஒரே மூட்டையில் கட்டுவதில்லை.

பஸ்ஸில் போகும் டிஸ்கில் ஊராரின் ஆதார் நகல். பூட்டாமல் அனுப்பக் கூடாது. விண்டோஸ் ஹோமில் பிட்லாக்கர் போட்டுப் பூட்ட முடியாது. வெராகிரிப்ட் என்ற மென்பொருள் இலவசம். பாஸ்வேர்டு ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கக் கூடாது. அவர் போனால் டிஸ்க் வெறும் இரும்பு.

நெடுநாள் காத்த தகவலுக்கு எடுத்துக்காட்டு தேடி வெகுதூரம் போக வேண்டாம். இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர். வைணு பாப்பு வான் ஆய்வகம். 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986 முதல்.

அந்த ஆய்வகத்தை நடத்தும் நிறுவனத்திடம்தான் கொடைக்கானல் சூரியப் படங்களும் இருக்கின்றன. 1904 முதல். கண்ணாடித் தட்டுகள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே படம் தெரியும். அதையும் இப்போது டிஜிட்டல் நகலாக்கிவிட்டார்கள். தட்டையும் வைத்திருக்கிறார்கள்.

மலைக்குத் தெற்கே செங்கம். பல்லவர் கால நடுகற்கள். மாடு மீட்கச் செத்தவன் பெயர் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. ஒரு கல்லில் சில வரிதான் பிடிக்கும்.

நகல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தென் கொரியா, தேஜோன் நகரம், 2025 செப்டம்பர். அரசுத் தகவல் மையத்தில் பேட்டரித் தீ. அரசு ஊழியர்களின் பொது டிரைவ், 858 டிபி, போயே போனது. அளவு பெரிது என்பதால் வெளியே நகல் இல்லை.

நம்முடையது சிறியது. அந்தச் சாக்கு நமக்கு இல்லை.

நகல் இருந்தும் சோதிக்காவிட்டால்? 2017 ஜனவரி 31, கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனம். தரவுத்தளம் தவறுதலாக அழிந்தது. பேக்கப் வழிகள் பல இருந்தன. தேடியபோது ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கடைசியில் ஏறத்தாழ ஆறு மணி நேரத் தகவல் திரும்பவில்லை.

பச்சை டிக் வந்தது என்பது பேக்கப் இல்லை. திறந்தது என்பதுதான்.

டிஸ்கின் மேல் தேதி எழுதிய ஸ்டிக்கர். உறையில் சிலிகா ஜெல். இவ்வளவுக்கும் பத்து ரூபாய் ஆகாது, ஆனாலும் யாரும் செய்வதில்லை.

மாதம் ஒருமுறை, கீழே இருக்கும் டிஸ்கை வேறொரு கணினியில் செருகுங்கள். டேலியில் ரீஸ்டோர் கொடுங்கள். டிஸ்க் இறங்குவதற்கு முந்தின நாள் போட்ட கடைசிப் புளிக் கொள்முதல் பில்லைத் தேடுங்கள். எண்ணும் தொகையும் சரியாக இருக்கிறதா என்று இன்னொருவரும் பார்க்கட்டும்.