தியேட்டர் போய்விட்டது, ஸ்டாப்பிங் பெயர் மட்டும் இருக்கிறது



"அசோக் நகர் உதயம் தியேட்டரையே இடித்துவிட்டார்கள், நீங்கள் ஒன்றுமே எழுதவில்லையே டீச்சர்?" என்று பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில் கேட்டான். பத்தாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு, யூனிஃபார்மைக் கூட மாற்றாமல் அங்கே போய் நின்ற கூட்டத்தில் அவனும் ஒருவன். என்னைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் ஒளிந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. சரி, எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

உதயம் 1983-இல் வந்தது, 2024-இல் மூடினார்கள். உதயம், சூரியன், சந்திரன், மினி உதயம் என்று ஒரே வளாகத்தில் நான்கு. இப்போதும் அந்த இடத்தை 'உதயம் தியேட்டர்' என்றுதான் சொல்கிறோம். சென்னையில் எத்தனையோ இடங்களுக்கு இதே கதைதான். தியேட்டர் இருக்காது, ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் சரியாக இறக்கிவிடுவார்.

மவுண்ட் ரோட்டில் ஆரம்பித்தால், 1913-இல் வந்த எலெக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் இன்றும் அண்ணா சாலை தபால் அலுவலக வளாகத்துக்குள் இருக்கிறது. அடுத்த ஆண்டு ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி இன்று இல்லை. 1964-இல் வந்த சஃபையர், ஒரே கட்டடத்தில் சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று மூன்று தியேட்டர்கள். இன்றைய மல்டிபிளெக்ஸுக்கு அதுதான் பாட்டி. புளூ டைமண்டில் காலையிலிருந்து ராத்திரி வரை படம் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். கல்லூரிக்குக் கட் அடித்தவர்களுக்கும், வெயிலுக்கு ஏ.சி. தேடி வந்தவர்களுக்கும் அதுவே புகலிடம். ஆனந்த், அலங்கார், வெலிங்டன், சித்ரா, பாரகன், பிளாசா என்று சொல்லிக்கொண்டே போகலாம். 1961-இல் திறந்த, சிவாஜி குடும்பத்தின் சாந்தியும் 2016-இல் மூடிவிட்டது. அடையாறு ஈராஸ், திருவான்மியூர் ஜெயந்தி, மயிலாப்பூர் காமதேனு, மந்தைவெளி கபாலி எல்லாம் இப்போது பேச்சில் மட்டும்தான்.

புறநகரில் கதை வேறு. தாம்பரம், ஆவடி பக்கமெல்லாம் முன்பு டென்ட் கொட்டகைகள். சாயங்காலம் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். தரை, பெஞ்ச், சேர் என்று மூன்று வகுப்பு. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவோம். பின்னால் இருப்பவர் திட்டுவார். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, முறுக்கு, சோடா.

பிற்பாடு ஈ.சி.ஆரில் ஈஞ்சம்பாக்கத்தில் பிரார்த்தனா டிரைவ்-இன் வந்தது. காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கலாம். கார் இல்லாத நாங்கள் பள்ளிக்கூட ஆசிரியைகளாகச் சேர்ந்து வேன் பிடித்துப் போனோம். பாயை விரித்து, எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு பொரியலும் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம். இருட்டினால்தான் படம் தெரியும், மழை வந்தால் கஷ்டம். ஆனால் அந்தக் கடல் காற்றுக்கு எந்த ஏ.சி.யும் ஈடாகாது. இப்போது அதுவும் இல்லை.

இதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். எனக்கு முக்கியமாகச் சொல்லவேண்டியது மேட்னி ஷோவைப் பற்றி.

நாங்கள் அப்போது மேற்கு மாம்பலத்தில் ஒண்டிக் குடித்தனம். அம்மா தனியாகப் போக அனுமதியுள்ள இடங்கள் இரண்டே. ஒன்று கோயில், இன்னொன்று பாண்டி பஜார் ராஜகுமாரி தியேட்டரில் மேட்னி. பதினோரு மணிக்கே சமையலை முடித்து, ராத்திரிக்கும் சேர்த்துக் குழம்பு வைத்து, பக்கத்துப் போர்ஷன் அத்தையோடு ரயில் பாதையைத் தாண்டி நடந்தே போவார். பெண்களுக்குத் தனி கவுண்டர் உண்டு, அங்கே வரிசை சீக்கிரம் நகரும். அப்பா வீடு திரும்புவதற்குள் அம்மா வந்து காபி போட்டிருப்பார்.

1971-இல் என் தம்பி இரண்டு வயதில் காய்ச்சலில் இறந்துபோனான். அம்மா வீட்டில் அழவே இல்லை. அழுதால் மற்ற பிள்ளைகளுக்கு ஆகாது என்று பாட்டி சொல்லிவிட்டார். மூன்று மாதம் கழித்து அத்தைதான், "வா, ஒரு படத்துக்குப் போயிட்டு வரலாம்" என்று இழுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். என்ன படம் என்பது மறந்துவிட்டது. பாதிப் படத்துக்கு மேல் அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இருட்டில் பாதிப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அத்தை அம்மாவின் கையைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரிதான் அம்மா வயிறாரச் சாப்பிட்டார்.

1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைக்கு டி.வி. வந்தது. ஞாயிற்றுக்கிழமை படம், பிறகு வீடியோ கேசட், பிறகு கேபிள். ஆயிரம் சீட்டை நிரப்ப முடியாத தியேட்டர்கள், அவை நின்ற நிலத்தின் விலைக்கு முன்னால் நிற்க முடியவில்லை. முதலாளிகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படம் வீட்டுக்குள் வந்தபோது, எங்கள் அம்மாக்களுக்கு வீட்டை விட்டு மூன்று மணி நேரம் வெளியே போக இருந்த ஒரே காரணமும் போய்விட்டது. டி.வி. முன்னால் உட்கார்ந்தாலும் குக்கர் விசில் கூப்பிடும், யாராவது தண்ணீர் கேட்பார்கள். அங்கே யாரும் மனம்விட்டு அழ முடியாது.

அம்மாவுக்கு இப்போது 86 வயது. போன தீபாவளிக்கு என் மகள் அவரை ஒரு மாலுக்குப் படம் பார்க்க அழைத்துப் போனாள். டிக்கெட் எல்லாம் போனிலேயே எடுத்தாகிவிட்டது. அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "பொம்பளைங்க கவுண்டர் எங்கடி?" என்று கேட்டார். பேத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு இந்த டீச்சர் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது. உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ, எந்தத் தியேட்டருக்கு யாரோடு போவீர்கள் என்று ஒருநாள் கேளுங்கள். படத்தின் பெயரை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், கூட வந்தவரைப் பற்றியும் கேளுங்கள். அந்தத் தோழி இன்னும் இருந்தால், இருவரையும் ஒரு வார நாளில் பகல் காட்சிக்கு அனுப்பி வையுங்கள். நீங்கள் கூடப் போக வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்