ஒரு தட்டு கொண்டு வாருங்கள்

மெல்பர்னில் எங்களுக்கு அது முதல் டிசம்பர். ஆஸ்திரேலியாவில் பள்ளி ஆண்டு அந்த மாதத்தில்தான் முடிகிறது. மகளின் வகுப்பு விருந்துக்கு வந்த அழைப்பின் கடைசியில் 'பிளீஸ் பிரிங் எ பிளேட்' என்று ஒரு வரி இருந்தது. பள்ளியில் தட்டுக்குப் பஞ்சம் போலிருக்கிறது என்று நினைத்து, மூன்று எவர்சில்வர் தட்டுகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனோம்.

அங்கே நீள மேசை நிறைய லாமிங்டன் கேக், சாசேஜ் ரோல், வெண்ணெய் தடவி வண்ண மிட்டாய் தூவிய ஃபேரி பிரெட். எல்லாம் ஆளுக்கொன்றாக எடுத்து வந்தவை. எங்கள் தட்டுகளைப் பார்த்ததுமே ஓர் அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா? தப்பு எங்களுடையது" என்றார்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அந்த வரிக்கு, எல்லோரும் பகிர்ந்து உண்ண ஏதாவது கொண்டு வாருங்கள் என்று பொருள். சிற்றூர்ப் பொது மண்டபங்களில் நடனமோ கூட்டமோ நடந்தால், பெண்கள் ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் எடுத்து வருவது முன்பு வழக்கமாக இருந்தது. அறிவிப்பிலேயே 'லேடீஸ் எ பிளேட்' என்று அப்போது போட்டுவிடுவார்கள். நியூசிலாந்தின் அலெக்சா ஜான்ஸ்டன் 2008-இல் எழுதிய வீட்டுப் பலகார நூலுக்கு அதுவே தலைப்பு. இந்த வழக்கம் ஏறக்குறைய நம் கூட்டாஞ்சோறுதான். அங்கே குடியேறியவர்கள் வெறும் தட்டோடு போய் நின்ற கதைகள் நிறைய உண்டு.

யோசித்துப் பார்த்தால், இது நாம் பள்ளியில் படித்த ஆகுபெயர். தட்டு என்றால் தட்டில் இருக்கும் உணவு. கல்யாண வீட்டில் "முதல் பந்தியில் எத்தனை இலை?" என்று கேட்டால், சாப்பிட்டவர்களைத்தானே எண்ணிச் சொல்கிறோம்? "கை நனைக்காமல் போகக் கூடாது" என்று நாம் அன்போடு சொல்வதைக் கேட்டு, புதிதாகத் தமிழ் கற்றவர் குழாயைத் தேடினால் அது அவர் குற்றமில்லை. சொல்லை அகராதியில் பார்த்துக்கொள்ளலாம். பொருளோ பழக்கத்துக்குள் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அது விளங்காத ஒருவர் இருப்பார் என்றே தோன்றாது.

அதை அந்த அம்மா உணர்ந்திருந்தார். அவர் சொன்ன இரண்டு வாக்கியங்கள் இன்றும் மனத்தில் நிற்கின்றன. இப்போது வகுப்பு விருந்துக்கு அழைப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பழைய வரியை நான் எடுக்கவில்லை. அது அந்த ஊரின் பேச்சு. அதன் கீழே, 'ஐந்தாறு பேர் பகிர்ந்து சாப்பிடும் அளவுக்கு ஏதாவது உணவு' என்று சேர்க்கிறேன். ஒரு வரி கூடுவதால் அழைப்பு நீண்டுவிடாது. முதல்முறை வருகிறவர் வாசலில் கூசி நிற்க வேண்டியிருக்காது.