பொய் அழுகை

வேட்டை என்ற வார்த்தை காதில் விழுந்தாலே இரண்டடி பின்வாங்குவது நமது சுபாவம். அப்படிப்பட்ட நாம் அமெரிக்காவிலே, டெக்ஸாஸ் மாகாணத்தின் மேற்குப் பகுதியில், வெறுந்தரையில் உட்கார்ந்து, ஒரு வேட்டை யந்திரத்தின் பொத்தானை நம் கையாலேயே அழுத்தினோம் என்றால் நேயர்கள் நம்பமாட்டார்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறோம்.

ஸான் ஆஞ்சலோ என்னும் ஊருக்கு அப்பால் ஒரு செம்மறியாட்டுப் பண்ணையில் சில நாள் விருந்தாளியாக இருந்தோம். கம்பளிக்கும் வெள்ளாட்டு ரோமத்துக்கும் பேர்போன சீமை அது. நம் நாட்டுச் சீமைக் கருவேலுக்கு நெருங்கிய உறவான மெஸ்கீட் மரம் எங்கும் மண்டிக் கிடக்கிறது. கண்ணை மூடித் திறந்தால் ராமநாதபுரம் ஜில்லாவோ என்று தோன்றும். ஏப்ரல் மாதக் கடைசி. அவர்களுக்கு அது வசந்த காலம். நமக்கோ இரவில் பல் கிட்டியது. பண்ணைக்காரர் தம் கம்பளிச் சட்டையொன்றைக் கொடுத்துக் காப்பாற்றினார்.

அன்று மாலை வேலியோரத்தில் அவர் நமக்கு ஓர் ஆட்டுக்குட்டியைக் காட்டினார். பிறந்து மூன்று வாரம் இருக்கும். தொண்டையில் பல் பதிந்த தழும்பு, வயிற்றுப்புறம் இல்லை. தாயாடு சற்றுத் தூரத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. "இந்த வாரத்தில் இது நாலாவது" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கொன்றது கயோட்டி. நம் ஊர் நரிக்கும் ஓநாய்க்கும் உறவான பிராணி. எடை சுமார் 30 பவுண்டு. மெக்ஸிகோவின் பழங்குடிகளுடைய நாவாட்டில் பாஷையிலிருந்து வந்த பெயர் அது. 1823-இல் தாமஸ் ஸே என்னும் விஞ்ஞானி அதற்குச் சூட்டிய லத்தீன் பெயருக்குக் 'குரைக்கும் நாய்' என்று பொருள். வெள்ளைக்காரர் குடியேறியபோது அது மேற்குச் சமவெளிகளில்தான் பெரும்பாலும் வாழ்ந்தது. அவர்கள் ஓநாயை அநேகமாய் அழித்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்கள். காலியான ஆசனத்தில் கயோட்டி வந்து உட்கார்ந்துகொண்டது! இன்று கிழக்குக் கடற்கரை வரையில் அதன் ராஜ்யந்தான். சிகாகோ பட்டணத்துத் தெருக்களில்கூட நடமாடுகிறது.

"இன்றிரவு வருகிறீர்களா?" என்று பண்ணைக்காரர் கேட்டார். தாயாட்டின் குரல் இன்னும் காதில் இருந்தது. சரி என்றோம்.

முற்காலத்தில் வேட்டைக்காரர்கள் ஒரு குழலை வாயில் வைத்து ஊதி, அடிபட்ட முயல் அலறுவதுபோல் ஒலி எழுப்புவார்களாம். இரை கிடைத்ததென்று கயோட்டி ஓடிவரும். பிறகு, மெய்யான பிராணிகளின் அலறலையே பதிவு செய்து, தட்டிலும் நாடாவிலும் விற்கத் தொடங்கினார்கள். இப்போது ஒரு சிறு பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான குரல்கள் அடங்கியிருக்கின்றன. முயல், எலி, பறவை, ஆட்டுக்குட்டி எல்லாம் வேண்டியபோது அழும். வாத்து வேட்டையில் இப்படிப் பதிவுக் குரலைக் கொண்டு அழைப்பதை அமெரிக்கச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. டெக்ஸாஸில் கயோட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. அதைக் கொல்லக் காலவரையறையும் கிடையாது.

இரவு பத்து மணிக்கு மேல், பெட்டியை 50 கஜம் முன்னால் ஒரு புதரருகே வைத்துவிட்டு, அவர் திரும்பி வந்து நம் பக்கத்தில் அமர்ந்தார். கயோட்டி குரலை நம்பி நேரே வந்துவிடாது; காற்று அடித்துச் செல்லும் பக்கமாகச் சுற்றி வந்து மோந்து பார்க்கும். ஆகையால் அந்தப் பக்கம் வெட்டவெளியாக இருக்கும்படி இடம் பார்த்திருந்தார். துப்பாக்கியின் மேல், உடம்பின் உஷ்ணத்தையே உருவமாகக் காட்டும் கண்ணாடி பொருத்தியிருந்தது. அவர் கண் அதில் இருந்ததால், தூரத்திலிருந்து பெட்டியை இயக்கும் சிறு கருவியை நம் கையில் கொடுத்தார்.

முதல் பொத்தானை அழுத்தினோம். இருட்டில் ஒரு முயல் அலறியது. பதினைந்து நிமிஷம் அலறியும் ஒரு ஜீவனும் வரவில்லை. "பசியில்லை போலிருக்கிறது. அடுத்ததை அழுத்துங்கள்" என்று அவர் காதோடு சொன்னார்.

அழுத்தினோம். இது வேறு குரல். நாய்க்குட்டி மிதிபட்டால் வீறிடுமே, அந்த வீறல். கயோட்டிக் குட்டியின் குரல் என்பது நமக்குச் சொல்லாமலே விளங்கியது. பொத்தானிலிருந்து விரலை எடுத்தோம். பெட்டி அழுவதை நிறுத்தவில்லை.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் தோள் அசைந்தது. சுற்றவும் இல்லை, மோந்து பார்க்கவும் இல்லை. இரண்டு கயோட்டிகள் நேரே ஓடிவந்தனவாம். வெடி கேட்டது. ஒன்று விழுந்தது. மற்றது ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை. பெட்டி அழுதுகொண்டிருந்தது, அது பெட்டியைப் பார்த்து நின்றது. நாம் பதறி, தடவித் தேடி, ஒலியை நிறுத்தினோம். அதன் பிறகுதான் அது இருளில் மறைந்தது.

விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். பெண் கயோட்டி, மடியில் பால் கட்டியிருந்தது. பண்ணைக்காரர் வெகுநேரம் குனிந்து நின்றார். "குட்டி போட்டிருக்கும் ஜோடிதான் ஆட்டை அதிகமாகப் பிடிக்கும். குட்டிகளுக்கு இரை வேண்டுமே!" என்றார். அவர் குரலில் வெற்றி இல்லை.

அவர்மேல் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவர் ஆட்டின் ரோமத்தைத்தானே அந்தக் குளிரில் உடுத்திக்கொண்டிருந்தோம்? தம் குழந்தைகளின் சோற்றுக்காக அவர் ஆட்டுக்குட்டியைக் காக்கிறார். தன் குட்டிகளின் பாலுக்காகக் கயோட்டி அதைத் திருடுகிறது. இரண்டும் நியாயந்தான். முயலின் அலறலைக் கேட்டு வரும் மிருகம் இரைக்காக வருகிறது. வேட்டையாட வந்தது வேட்டையாடப்படுகிறது. பசிக்கு வராமல் அழுகைக்கு வந்த மிருகத்தைச் சுட்டதில்தான் நம் மனம் இடறியது.

பயனாவது உண்டா என்றால், அதுவும் சந்தேகம். ஆண்டுதோறும் நூற்றுக்கு 70 வீதம் கொன்றாலும் கயோட்டி இனம் தாக்குப்பிடிக்கும் என்று கலிபோர்னியாவில் 1975-இல் வெளியான ஒரு கணக்குச் சொல்கிறது. காலியான இடத்துக்கு வேறு ஜோடி வந்துவிடும். பண்ணைக்காரரும் இதை அறிவார். அடுத்த ஆண்டு மந்தைக்குக் காவலாகப் பெரிய வெள்ளை நாய்கள் இரண்டு வாங்கப் போவதாகச் சொன்னார். சில பண்ணைகளில் கழுதையே காவல் காக்கிறதாம்!

ஒருமுறை ஏமாந்து தப்பிய கயோட்டி அந்தக் குரலை மறப்பதில்லை என்று வேட்டைக்காரர்கள் சொல்கிறார்கள். மறுபடி கேட்டால் அணுகாதாம். இதுதான் நம்மை இன்றும் உறுத்துகிறது. அந்த ஆண் கயோட்டியின் குட்டிகள் எங்கோ ஒரு வளையில் மெய்யாகவே அழுதிருக்கும். அஹிம்சை பேசும் தேசத்தில் பிறந்த நாம், விரல் நுனியால், அந்த அழுகையைத் தகப்பனே சந்தேகிக்கும்படி செய்துவிட்டோம்.

அன்றிரவு படுக்கையில் கிடந்தபடி கேட்டோம். தூரத்தில் ஒற்றைக் குரல் ஊளையிட்டது; சற்று நிறுத்தியது; மறுபடி ஊளையிட்டது. பதில் குரல் எழவில்லை. வேலியோரத்தில் தாயாடும் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது.