சின்ச்செரோவின் சாயப் பானை

கேமரன் மலைக்குப் புறப்படும்போதுதான் நம் வீடுகளில் கம்பளிச் சட்டையைத் தேடுவோம். அந்த மலையூர்களைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஓர் ஊருக்கு உங்களை அழைத்துச் செல்லலாமா, நேயர்களே?

தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் குஸ்கோ நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சின்ச்செரோ. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,760 மீட்டர் உயரம். வெயிலில் நின்றால் முகம் சுடும். நிழலில் ஒதுங்கினால் பல் கிட்டும். இங்குள்ள கெச்சுவா இனப் பெண்கள், பேசிக்கொண்டே நடக்கும்போதும் கையில் தக்களியைச் சுழற்றிக் கம்பளி நூற்பார்கள்.

நூற்ற நூலைப் பெரும்பாலும் படிகாரம் கலந்த சாய நீரில் கொதிக்க வைக்கிறார்கள். பல சாயங்களை நூலோடு பிணைத்து வைப்பது படிகாரம்தான். நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குப் பூக்கள். சிவப்புக்கோ ஒரு பூச்சி! சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கும் கோச்சினீல் பூச்சியை உலர்த்தி இடித்தால் இரத்தச் சிவப்பு கிடைக்கிறது. அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் செம்மஞ்சள் பக்கம் சாயும். சோடா போன்ற காரம் பட்டால் ஊதாவாகும்.

1856-ல் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பின், உலகெங்கும் கைச்சாயம் பின்தங்கியது. இந்த மலைகளிலும் பொட்டலச் சாயமும் ஆலை நூலும் புகுந்தன. பழைய முறை முதியவர்களின் நினைவில் மட்டும் தங்கும் நிலை வந்தது. சின்ச்செரோவில் பிறந்த நெசவாளர் நில்டா கல்யாஞௌபாவும் அவருடைய தோழர்களும் 1996-ல் குஸ்கோவில் பாரம்பரிய நெசவு மையத்தை நிறுவி, அந்த அறிவை இளையோர் கைக்கு மாற்றினார்கள். நல்ல நூலுக்கு நியாயமான விலை கிடைத்தால்தான் ஓர் இளம்பெண் இந்தத் தொழிலில் நீடிப்பாள். ஆகவே வாங்குபவர் அறிந்து வாங்குவதும் இதில் சேர்ந்ததே.

எப்படி அறிவது? கடைக்காரரிடம் கேட்டு, நூல் முனையில் சிறு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளியானால் முடி கருகும் வாடை வரும். சாம்பல் விரலில் பொடியும். செயற்கை நூல் உருகிக் கெட்டி மணியாகும். ஈரமான வெள்ளைத் துணியால் நூலைத் தேயுங்கள். சாயம் அதிகமாக ஒட்டினால் வேண்டாம்.

கைச்சாயத்தில் ஒரு பானை நிறம் மறு பானையில் வராது. பின்னும் வேலைக்குத் தேவையான சிட்டங்களை, ஒரே பானையில் நனைந்தவையாக, ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அப்படியும் நிறம் சற்று மாறியிருந்தால், இரண்டு சிட்டங்களை இரண்டிரண்டு வரிசையாக மாற்றிப் பின்னினால் வித்தியாசம் தெரியாது.

இனி, நம் வீட்டில் பராமரிப்பு. எலுமிச்சையும் சோடாவும் பானையில் செய்யும் வேலையை, வாளியிலும் செய்யக்கூடும். ஆகையால் சலவைச் சோடாவும் காரமான சவர்க்காரத்தூளும் ஆகாது. குளிர்ந்த நீரில் மென்மையான சவர்க்காரம் கலந்து, கசக்காமல் அமிழ்த்தி எடுங்கள். வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி சுருங்கித் தடித்துவிடும். முறுக்கிப் பிழியாமல், துவாலையில் சுருட்டி அழுத்தி, நிழலில் பரப்பி உலர்த்துங்கள்.

நம் நாட்டுப் புழுக்கத்தில் ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். வியர்வை படிந்த உடையை அந்துப்பூச்சி தேடி வரும். துவைத்து, நன்றாக உலர்ந்த பிறகே மூடிய பையில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து உதறிப் பாருங்கள். இவ்வளவு செய்தால் அந்தப் பூச்சிச் சிவப்பு உங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் உடுத்தக் கிடைக்கும்.