திரும்பும் நேரம் அறிதல்

பாலை என்றவுடன் பரந்த மணல்வெளியே நம் மனக்கண்ணில் தோன்றும். அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள அரிசோனா மாநிலத்துப் பாலையிலோ கல்லே ஆட்சி செய்கிறது. கொலராடோ ஆறு அக்கல்லை அறுத்து, 446 கிலோமீட்டர் நீளமும் ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர் ஆழமும் கொண்ட கிராண்ட் கான்யன் என்னும் பெரும்பள்ளத்தாக்கை ஆக்கியிருக்கிறது. 1901ஆம் ஆண்டில் வில்லியம்ஸ் என்னும் ஊரிலிருந்து அதன் தென்விளிம்பு வரை இரயில் ஓடத் தொடங்கியது.

மலைக்குச் செல்வோர் முதலில் ஏறுவர், பின்பு இறங்குவர். இங்கே முறை தலைகீழ். பிரைட் ஏஞ்சல் என்னும் பாதை விளிம்பிலிருந்து வளைந்து வளைந்து கீழே செல்கிறது. காலைக் குளிரில் கால்கள் தாமே நடக்கும். விளிம்பிலுள்ள சுண்ணாம்புக் கல்லின் வயது சுமார் 27 கோடி ஆண்டு. ஆற்றங்கரைக் கரும்பாறையின் வயதோ ஏறத்தாழ 170 கோடி. ஒன்றரை மைலில் ஒரு தங்குமிடம், மூன்று மைலில் மற்றொன்று, நாலரை மைலில் மரநிழல் செறிந்த ஹவசுபாய்த் தோட்டம்.

இறங்க ஒரு மணி நேரமானால் ஏற இரண்டு மணி நேரம் ஆகும். கோடையில் உள்ளே வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடக்கும். ஆதலின் கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நடக்க வேண்டா என்றும், ஒரே நாளில் ஆறுவரை சென்று மீள முயல வேண்டா என்றும் பூங்காவினர் எச்சரிக்கின்றனர். தண்ணீர் மட்டும் போதாது. உப்புள்ள உணவும் வேண்டும். இன்றேல் குடித்த நீரே தீங்காகும்.

2020இல் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது, வீட்டில் அடைபட்ட மக்கள் திறந்தவெளியை நாடினர். தனியே நடப்பதால் யாருக்கு என்ன கேடு என்னும் கேள்வியும் எழுந்தது. கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆயினும் பாலையில் நடப்பவன் தனியன் அல்லன். அவன் கால் இடறினால் மீட்க ஆள் வேண்டும், கிடத்த மருத்துவமனையில் படுக்கை வேண்டும். வழியில் எண்ணெய்க்கும் உணவுக்கும் அவன் நிற்பது பிறருடைய ஊரில்.

பள்ளத்தாக்கின் கிழக்கே நவஹோ மக்களின் நிலம் பரந்து கிடக்கிறது. அங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டில் அப்போது குழாய்நீர் இல்லை. தொலைவிலிருந்து வண்டியில் கொணர்ந்தாக வேண்டும். அடிக்கடி கைகழுவுக என்று அவர்களிடம் சொல்வது எளிதோ? அவ்வாண்டு மே மாதம், மக்கள்தொகை விகிதப்படி, நோய்ப்பரவல் அங்கே நியூயார்க் மாநிலத்தையும் விஞ்சியது.

ஏப்ரல் 1ஆம் நாள் பூங்கா மூடப்பட்டது. மே நடுவில் ஒரு பகுதி திறந்தபோதும், நவஹோ நிலத்தை ஒட்டிய கிழக்கு வாயில் 2021 வரை அடைத்தே இருந்தது.

ஹவசுபாய் மக்களின் செயல் இன்னும் எண்ணத்தக்கது. முன்னே நாம் கண்ட தோட்டம் அவர்கள் பயிரிட்ட நிலம். அதிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டனர். 2022இல்தான் அவர்கள் பெயர் அதற்கு இடப்பட்டது. பள்ளத்தாக்கினுள் எஞ்சிய தம் சிற்றூரின் நீலநிற அருவிகளைக் காண வருவோரே அவர்களுக்கு வருவாய். அவ்வருவாயை இழந்தும், 2020 மார்ச் முதல் 2023 பிப்ரவரி வரை வழியை அடைத்து முதியோரைக் காத்தனர்.

கொண்டுசென்ற நீரில் மூன்றிலொரு பங்கு தீர்ந்ததும் திரும்புக என்பது பாலை நடையின் நெறி. ஆற்றைக் காணாமல் திரும்பியவரை அங்கே யாரும் இகழ்வதில்லை. அடைத்த வாயிலின் முன் நின்று வந்தவழியே மீண்டவரும் அந்நெறியில் நடந்தவரே ஆவர்.